முகைதீன்பாவா பாஸ் கடைசியாகப் பூட்டிய எஞ்சின்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இந்த அனுதாபக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அல்ஹாஜ் பக்கீர் முகைதீன் அவர்களே, துஆ ஓதித் தொடக்கி வைத்த மௌலவி அவர்களே, பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தம்பிலுவிலிலிருந்தும் வந்திருக்கிற தமிழ்ச் சகோதரர்களே, மாவடிப்பள்ளி வயல்காரப் போடிமார்களே, கதிரை கிடைக்காமல் யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவர்களே, எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

தலைவர் எனக்குக் கொஞ்ச நேரம்தான் தந்திருக்கிறார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் ஒரு கூட்டத்தில் இந்த இஸ்மாலெவ்வை கதைத்தபோது மின்விசிறிகூட நின்று கேட்டது. கரண்ட் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள், அது அவர்களுடைய கருத்து. ஆனால் இன்றைக்கு அப்படிக் கதைக்க வரவில்லை. இன்றைக்கு நான் குழம்பிப்போய் நிற்கிறேன். என் மச்சான் மௌத்தான நாளிலிருந்து என் தலைக்குள்ளே ஒரு செயின் பல் மாறிக் கிடக்கிறது.

மர்ஹூம் முகைதீன்பாவா பாஸ் யார்? என் தங்கை சுபைறாவின் மாப்பிள்ளை. கடற்கரை வீதியில் ‘பாவா மூர்த்தி மோட்டோர் வேலைத்தளம்’ என்று பெயர்ப்பலகை போட்டு, பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தியோடு கூட்டாக எஞ்சின் திருத்துகிற பாஸாக வேலை செய்தவர். இந்தக் கரையோரத்தில் அவர் கை படாத எஞ்சின் உண்டா? லொறி, உழவு மெசின், தோணி எஞ்சின், மாவு மில்? மாவடிப்பள்ளி வயற்கண்டத்தில் நெற்சூடு மிதித்துக்கொண்டிருக்கும்போது மெசின் நின்று, மழை மேகம் தலைக்கு மேல் வந்தபோது, அழைத்து வந்தது யாரை? இவரைத்தான். நானும் கூடப் போனேன். அவர் மெசினுக்குள் கையை விட்டார், நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெசின் ஓடியது, மேகம் அக்கரைப்பற்றுப் பக்கம் போய்விட்டது. இதில் என் பங்கு எவ்வளவு என்று நான் சொல்வதில்லை. போடிமாரிடம் கேளுங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு உங்களுக்கு மறந்திருக்காது. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே ஆட்கள் போய்வர முடியாத காலம். புண்ணியமூர்த்தி வரவில்லை. பலகையிலிருந்து மூர்த்தி என்ற பெயரை அழி என்று சிலர் வந்து சொன்னார்கள். பாவா என்ன சொன்னார் தெரியுமா? “அழிக்கிறதுக்கும் பெயின்ற் வேணும். கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு. நீங்க கொண்டு வாங்க, பாப்பம்.” அவர்கள் கொண்டு வரவில்லை. புண்ணியமூர்த்தி திரும்பி வந்த அன்று அவருடைய ஸ்பனர் சாவிப் பெட்டி பூட்டின பூட்டோடு இருந்தது. பாவா அவரைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இவ்வளவு நாளும் எங்க போய்ப் படுத்த நீ? அந்த லொறிக்குப் பிறேக் இல்ல, இறங்கு கீழ.”

அப்படிப்பட்ட மனிதர் கடைசியாகப் பூட்டிய எஞ்சின் எது? என்னுடைய மொறிஸ் மைனரின் எஞ்சின். அந்தக் காரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளைக்காரத் துரை அழுது அழுது என் வாப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். துரை அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் போனார் என்று பாவா சொல்வார். அவர் அந்த எஞ்சினை இந்த முறை அடியோடு கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டினார். கேம் ஷாப்ட் வைத்தார். செயின் போட்டார். மூடியைப் பூட்டினார். பின்னேரம் அஸருக்குத் தொழப் போய்வந்து வேலைத்தளத்து வாங்குப் பலகையில் சாய்ந்தார். அவ்வளவுதான். இன்னா லில்லாஹி.

மிச்ச வேலை கொஞ்சம்தான் இருந்தது. மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்து நானும் புண்ணியமூர்த்தியும் அதை முடித்தோம். காருக்குள் எஞ்சினை இறக்கினோம், டிஸ்ரிபியூட்டரை வைத்தோம், பெற்றோல் ஊற்றினோம். தெருவே கூடி நின்றது. நான்தான் அழைத்திருந்தேன். புண்ணியமூர்த்தி கைப்பிடியைச் சுற்றினார். கார் ஓடவில்லை. காபரேற்றர் வழியாகப் ‘படார்’ என்று திருப்பி அடித்தது. என் வெள்ளைச் சேட்டில் கரி. தெருவில் ஒருவன் சொன்னான்: “பாவா பாஸுக்கு ரெண்டு வருசமாக் கண்ணு தெரியல்ல. டைமிங்க மாத்திப் போட்டுட்டுப் போயிட்டார்.”

சகோதரர்களே, ஒரு சொல் எவ்வளவு தூரம் ஓடும்? அஸருக்குச் சொன்னது பொழுது பட்டு மஃரிபுக்கு மருதமுனையில் நின்றது. மீன் லொறிக்காரர் வந்து தன் லொறியை இழுத்துக்கொண்டு போனார். “வேற இடத்தில ஒருக்காப் பாத்துட்டு வாறன்” என்றார். திரும்பி வரவில்லை. அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். முந்தின வருடம் பாவா செய்த வேலைகளையெல்லாம் கழற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருநாள் காலையில் வேலைத்தளத்துக்குள்ளே என் மொறிஸ் மைனர் மட்டும் நின்றது. புண்ணியமூர்த்தி வேலைத்தளத்துச் சாவியை என் கையில் வைத்தார். அவரும் என் தங்கையைப் போல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் முறை. “காக்கா, நான் ஒருத்தன் ஈ ஓட்டிக்கிட்டு இரிக்கேலா. தங்கச்சிக்கிட்டக் குடுங்க” என்றார்.

வேலைத்தளத்துக்குப் பின்னால்தான் வீடு, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுபைறா இத்தாவில் இருக்கிறாள், மாப்பிள்ளை மௌத்தானவள் அந்த நாட்கள் முடியுமட்டும் வெளியே வரமாட்டாள், ஆனால் தெருக்கதை எல்லாம் சுவருக்குள்ளால் போய்ச் சேர்ந்திருந்தது. சாவியை அவள் வாங்கவில்லை. வேலைத்தளம் போகிறது, பிழைப்புப் போகிறது என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. “காக்கா, அவர் பிழை உட்டுட்டா போன? அத மட்டும் பாத்துச் செல்லுங்க. மறுகா வேலைத்தளத்தப் பூட்டுறதெண்டாப் பூட்டுவம்.”

அவள் கேட்ட கேள்விக்குத்தான் நான் இங்கே பதில் சொல்ல வந்திருக்கிறேன். மௌலவி, கொஞ்சம் பொறுங்கள், முடிக்கிறேன்.

டைமிங் என்றால் என்ன? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், ஒன்பதாம் வகுப்பை வெளியே நின்று பார்த்தவன். எஞ்சினுக்குள்ளே நாலு அறை, ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கதவு. ஒன்றால் காற்றும் பெற்றோலும் வரும், மற்றதால் புகை போகும். வால்வு என்கிறோமே, அதுதான் அந்தக் கதவு. கதவைத் திறப்பது கேம் ஷாப்ட், முட்டை முட்டையாகப் புடைத்த ஓர் இரும்புத் தடி. கீழே பெரிய ஷாப்ட் சுற்ற, செயின் இந்தத் தடியையும் சுற்றும். செயின் ஒரு பல் தள்ளி விழுந்தால் கதவு நேரம் மாறித் திறக்கும். விருந்தாள் வாசலில் நிற்கும்போது பூட்டிக் கிடக்கும். அவர் கோபித்துக்கொண்டு போனபிறகு திறந்து “வாங்க, வாங்க” என்போம். அப்படியானால் எஞ்சின் ஓடுமா?

இதற்குச் செயின் ஓடுகிற இரண்டு பல்சக்கரத்திலும் ஒவ்வொரு பொட்டு அடித்திருக்கும். பொட்டும் பொட்டும் எதிரெதிரே பார்த்தால் செயின் சரி. நாங்கள் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பொட்டுகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒரு பல் தள்ளி நின்றன. புண்ணியமூர்த்தி நிலத்தில் குந்திவிட்டார். நான் நின்றபடியே இன்னொரு தரம் எண்ணினேன், ஒரு பல்தான். அப்படியானால் தெருவில் நின்றவன் சொன்னது சரியா? பாவா பாஸ் பிழை விட்டாரா?

பிறகு புண்ணியமூர்த்தி தலையை நிமிர்த்தினார். “காக்கா, பாவா பொட்ட நம்புற ஆள் இல்ல. ‘பொட்டு உங்கட ஆக்கள்ற விசயம், நீ பாத்துக்க. நான் சகன்லதான் பாப்பன்’ எண்டு என்னப் பகிடி பண்ணுவார்” என்றார்.

தமிழ்ச் சகோதரர்களுக்குச் சகன் தெரிந்திருக்கும், எங்கள் வீட்டுக் கலியாணங்களில் இருந்திருப்பீர்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. சுபைறாவின் கலியாணத்துக்கு என் வாப்பா கொடுத்த சகன்களில் ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டு, ஓரம் முழுக்கப் பாகை பாகையாக ஆணியால் கீறி வைத்திருந்தார் பாவா. அன்றைக்கு நடந்த சண்டைக்கு நான் சாட்சி. “சோறு வைக்கிற சகன்ல ஓட்ட போட்டிருக்கீங்களே, உங்களுக்கு வேற சாமான் கிடைக்கல்லயா” என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார்: “இது ஆறு பேர்ர சகன். இந்த எஞ்சின்ல நாலு பேர்தான். மிச்ச ரெண்டு இடத்தில நானும் மூர்த்தியும் இருப்பம்.”

முதலாவது பிஸ்டன் உச்சியில் வந்து நிற்கிற இடத்தைப் பூச்சியம் என்று வைத்து, சகனைப் பெரிய ஷாப்டின் மூக்கில் பூட்டுவார். பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் முள்ளாக நிறுத்துவார். ஷாப்டைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மெல்ல மெல்லச் சுற்றுவார். காற்று வருகிற கதவு முழுதாகத் திறக்கிறபோது முள்ளுக்கு நேரே எந்த எண் நிற்கிறதென்று பார்ப்பார். என் காருக்கு நூற்றுப் பத்து. புண்ணியமூர்த்திக்கு அந்த எண் மனப்பாடம்.

சகனை எடுத்தோம். எடுத்துப் பார்த்தால், எண்கள் தலைகீழ். கடிகாரத்தில் எண் எந்தப் பக்கம் ஓடும்? இதில் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடியது. “இது அறபு எழுத்து மாதிரி வலத்தாலிருந்து போகுது. ஓதப்பள்ளிப் பழக்கம்” என்றார் புண்ணியமூர்த்தி. நானும் யோசித்தேன். நான் யோசித்தால் சும்மா விடுவேனா? “மர்ஹூமுக்குக் கணக்குப் பிசகிப்போச்சு. நாம சரியான சகன் ஒண்டு செய்வம்” என்றேன். அப்படியாக நாங்கள் இரண்டாவது சகனிலும் துளை போட்டோம். அதைச் சுபைறாவிடம் யார் கேட்டது என்பதில் எங்களுக்குள்ளே இன்னும் ஒற்றுமை வரவில்லை. பள்ளிப் பிள்ளையின் பாகைமானி வைத்து, கடிகாரம் மாதிரி அழகாக எண் எழுதி, பூட்டிச் சுற்றிப் பார்த்தோம்.

இருநூற்றைம்பது.

நூற்றுப் பத்து எங்கே, இருநூற்றைம்பது எங்கே? இடையில் பொத்துவிலுக்குப் போய் வரலாம். ஒரு பல் தள்ளினால் இவ்வளவு வராது. கேம் ஷாப்டே பின்பக்கமாக வந்துவிட்டதா? செயினா, பொட்டா, கண்ணா, சகனா? எது பிழை? எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு பிளேட்டுக்கு மேல் இறங்கவில்லை.

“செயினைக் கழற்றிப் பொட்டுக்குப் பொட்டு வைச்சு விடுவம். ஓடினா ஓடட்டும்” என்று புண்ணியமூர்த்தி சொன்னார். ஸ்பனர் அவர் கையில். நானும் சரி என்றேன். வீட்டுக்குள்ளேயிருந்து சுபைறாவின் குரல் வந்தது. “அவர்ர கை பட்ட செயின். நாப்பது கழியட்டும். அதுக்குள்ள ஆரும் அழிச்சிராதீங்க.” அவள் சொல்லைத் தட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அந்தச் செயினைக் கழற்றியிருந்தால் அவள் கேள்விக்குப் பதில் என்றைக்கும் கிடைத்திருக்காது.

நாற்பதாம் கத்தம் வந்தது. ஓதி முடித்துச் சகன் வைத்தார்கள். என் சகனில் எனக்கு எதிரே இருந்தவர் யார்? நம்முடைய தலைவர் பக்கீர் முகைதீன் ஹாஜியார் அவர்கள். ஹாஜியார் ஊருக்குச் செய்த சேவைகள் பல. சகனில் இருந்தால் அவர் செய்கிற சேவை ஒன்று. கதைத்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல், விரலால் சகனைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்புவார், ஈரல் துண்டு தன் முன்னால் வரும் மட்டும். சிரிக்காதீர்கள் ஹாஜியார், ஊரே அறிந்தது. அன்றைக்கும் திருப்பினார். என் முன்னாலிருந்த ஈரல் போனது. நான் சகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்து என்ன வரும்? என் வலக்கைப் பக்கம் இருந்தவரின் முட்டை வந்தது. அதற்கடுத்து? அவருக்கும் அங்காலே இருந்தவரின் எலும்பு வந்தது. இருந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை. என்னிடம் வந்ததெல்லாம் வலக்கைப் பக்கத்திலிருந்துதான் ஒவ்வொன்றாக வந்தது.

நான் வாயில் வைத்ததை வெளியே எடுத்தேன்.

கடிகாரத்தில் தட்டு நிற்கும், முள் சுற்றும். சகனில் ஆட்கள் இருப்பார்கள், தட்டு சுற்றும். பாவா பூட்டுவது எதை? சகனை. சுற்றுவது எது? சகன். அசையாமல் நிற்பது முள். அப்படியானால் எண் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்தான் ஓட வேண்டும். பாவா எழுதினது சரி. தலைகீழாக எழுதினது நாங்கள்.

நான் கை கழுவாமல் எழும்பி ஓடினேன். அடுத்த சகனில் தமிழ்ச் சகோதரர்களோடு இருந்த புண்ணியமூர்த்தியைத் தோளில் பிடித்துத் தூக்கினேன், அவருடைய சட்டையில் இன்னும் அந்த ஆணக் கறை இருக்கிறது. “என்ன காக்கா, பைத்தியமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாவாவின் பழைய சகனைப் பூட்டினோம். நான் சுற்றினேன், அவர் வால்வில் கை வைத்திருந்தார். “ஏறுது, ஏறுது, நிண்டுட்டு” என்றார். முள்ளைப் பார்த்தோம்.

நூற்றுப் பத்து. ஒரு முடி அங்காலும் இல்லை, இங்காலும் இல்லை.

சகோதரர்களே, அப்போது அந்தப் பொட்டு? பாவா மாற்றிப் போட்ட அந்தச் சக்கரம் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதில் பொட்டு வைத்தவர் யார், என்ன நினைத்து வைத்தார், எந்த எஞ்சினுக்கு வைத்தார், எங்களுக்குத் தெரியாது. பாவாவுக்கும் தெரிந்திருக்காது. தெரியாததை அவர் நம்பவில்லை, அளந்து பார்த்தார். கண் மங்கியவர் என்றீர்களே, கண் மங்கியவருக்கு நூற்றுப் பத்து எப்படி வந்தது? வருடக்கணக்காகத் தடவித் தடவிப் பழகிய கீறல் அது. கண்ணால் பார்த்த எங்களுக்குத்தான் இருநூற்றைம்பது வந்தது.

அப்படியானால் ஏன் கார் படார் என்று அடித்தது என்று யன்னலுக்கு வெளியே ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அது பாவா செய்த வேலையில் இல்லை, அவர் போனபிறகு வைத்த டிஸ்ரிபியூட்டரில். ஒவ்வோர் அறைக்கும் நெருப்புப் பங்கிடுவது அதுதான். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும், ஒரு தடவை நெருப்புக்கு, ஒரு தடவை புகை தள்ள. புகை தள்ளுகிற தடவையில் நெருப்புக் கொடுத்தால் என் சேட்டு மாதிரித்தான். அரைச் சுற்று மாறி வைக்கப்பட்டிருந்தது. வைத்தது யார்? நான் என்று புண்ணியமூர்த்தி சொல்கிறார். அவர் என்று நான் சொல்கிறேன். “ரெண்டு பேர்ர கையும் அதுக்குள்ளதான் கிடந்த” என்று சுபைறா கதவுக்குப் பின்னால் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நேற்றுப் பின்னேரம் அதைச் சரியாகத் திருப்பி வைத்தோம். நேற்று யார் வைத்தது என்பதில் சண்டை இல்லை, இரண்டு பேரும் வைத்தோம்.

ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை. ஏன்? படார் என்று அடித்தது தெருவுக்கு முன்னால். ஓடுவதும் தெருவுக்கு முன்னால்தான் ஓட வேண்டும். கார் வெளியே நிற்கிறது. புண்ணியமூர்த்தி கைப்பிடியோடு நிற்கிறார். ஓடுமா? சத்தியமாக எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரமும் தெரிந்த மாதிரிக் கதைத்தேன், என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இப்போதும் என் தலைக்குள்ளே பொட்டும் சகனும் முள்ளும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்கிறேன். கார் ஓடினால் அது முகைதீன்பாவா பாஸ் செய்த வேலை. ஓடாவிட்டால் அது நாங்கள் செய்த வேலை. அவருடைய பெயரை அதற்குள்ளே யாரும் இழுக்கக் கூடாது.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் சபைக்கு முன்னால் ஒரு வாக்குத் தருகிறேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக் காலையில் வேலைத்தளம் திறக்கும். பலகையில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கும். ஓட்டைச் சகன் சுவரில் தொங்கும், எங்கள் இரண்டாவது சகனும் அதற்குப் பக்கத்தில் தொங்கும், எப்படிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. புண்ணியமூர்த்தி பூட்டுவார், நான் மேற்பார்வை செய்வேன். மேற்பார்வை வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதையும் நான் பரிசீலிப்பேன். மீன் லொறிக்காரர் இங்கே இருக்கிறார், நான் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் போகாதீர்கள் தம்பி, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. லொறியைக் கொண்டு வாருங்கள்.

வல்ல நாயன் என் மச்சானின் கபுறை வெளிச்சமாக்கி, அவருடைய களைத்த கைகளுக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

மூர்த்தி, சுற்றுங்கள்.

இருங்கள், யாரும் எழும்ப வேண்டாம். அது இருமல். இத்தனை நாள் குளிரில் நின்ற எஞ்சின். படார் என்று அடிக்கவில்லை, கவனித்தீர்களா? இருமினது மட்டும்தான். மூர்த்தி, இன்னொரு தரம். பிஸ்மில்லாஹ் சொல்லி நான் தொடக்கினேன், நீங்கள் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு சுற்றுங்கள்.

ஓம்.

ஓம், அதுதான், ஓடுகிறது. மூன்றில் ஓடுகிறதா நாலில் ஓடுகிறதா என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், மூர்த்தி யன்னலால் கை காட்டுகிறார். நாலு விரல். நாலும் வேலை செய்கிறது.

சுபைறா, இந்த மண்டபத்து மதிலுக்கு அங்காலதான் உன் வளவு. அவர் பிழை விடல்ல. நான் சொன்னா நீ நம்பமாட்டாய், அந்த எஞ்சின்ர சத்தத்த நீயே கேள். நான் இனிக் கதைக்கல்ல.